பாஸ்ரா: எண்ணெய் கடலுக்குப் போகிறது, உப்பு குழாயில் வருகிறது

ஒவ்வொரு கோடையிலும் தெற்கு ஈராக்கின் பாஸ்ராவிலிருந்து ஒரே மாதிரிச் செய்திதான் வருகிறது. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, வேலை இல்லை என்று இளைஞர்கள் எண்ணெய் வயல்களுக்குப் போகும் சாலையை மறிக்கிறார்கள், டயர் எரிக்கிறார்கள். அதே வாரத்து வணிகப் பக்கத்தில், ஈராக் நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் ஏற்றுமதி செய்ததாக இன்னொரு செய்தி இருக்கும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி வெளியேறுவது இதே பாஸ்ராவின் கரையிலிருந்துதான். இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழும்: இவ்வளவு பணம் இருக்கும் இடத்தில் குடிதண்ணீருக்கு ஏன் பஞ்சம்?

ஊழல் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஊழல் உண்டுதான். ஆனால் ஊழலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தச் சிக்கலில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். காரணம், எண்ணெய், பணம், தண்ணீர், எரிவாயு, வேலை ஆகிய ஐந்தும் ஓடும் வழிகள் அமைக்கப்பட்டிருக்கும் விதம்.

முதலில் இடம்

யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் குர்னா என்ற ஊரில் கலந்து ஷத் அல்-அரப் என்ற ஒரே ஆறாகின்றன. அது சுமார் 200 கிலோமீட்டர் ஓடிப் பாரசீக வளைகுடாவில் கலக்கிறது. பாஸ்ரா நகரம் அதன் கரையில் இருக்கிறது. நகரத்தைச் சுற்றி உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் சில உள்ளன: 1949-ல் கண்டறியப்பட்ட ஜுபைர், 1953-ல் கண்டறியப்பட்ட ருமைலா, மேற்கு குர்னா, ஈரான் எல்லையை ஒட்டிய மஜ்னூன். நாட்டுக்குக் கடல் வழி இருப்பதும் இந்த மாகாணத்தில் மட்டுமே. எண்ணெய்க் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. கடலுக்குள் அமைந்த ஏற்று முனையங்களிலேயே நிரப்பிக்கொண்டு போய்விடுகின்றன. சில ஆண்டுகள் முன்புவரை இந்தியாவுக்கு மிக அதிகமாகக் கச்சா எண்ணெய் அனுப்பிய நாடு ஈராக்தான். 2022-ல் ரஷ்யா முந்தியது. ஆக, நம் ஊர் பெட்ரோல் பங்க்கில் நிரப்பியதிலும் பாஸ்ராவின் பங்கு கொஞ்சம் உண்டு.

ஒரு பீப்பாயின் பணம் எங்கே போகிறது

வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகின்றன என்ற பேச்சு அங்கேயும் பரவலாக உண்டு. 2009-ல் நடந்த ஏலத்தின் கணக்கைப் பார்த்தால் அது பொருந்தவில்லை.

ஈராக் அப்போது கொடுத்தது தொழில்நுட்பச் சேவை ஒப்பந்தம். இதில் எண்ணெய் நிறுவனத்துக்கு எண்ணெயில் உரிமை கிடையாது. செலவழித்த பணம் திரும்பக் கிடைக்கும். அதோடு, கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் நிர்ணயித்த கூலி கிடைக்கும். ருமைலாவில் அந்தக் கூலி 2 டாலர். அதில் நடப்பது இது:

1. 25% அரசு தரப்புக் கூட்டாளிக்கு. அதாவது 50 சென்ட்.
2. மிச்சம் 1.50 டாலர். அதில் 35% வரி, ஏறத்தாழ 52 சென்ட்.
3. நிறுவனங்கள் கையில் நிற்பது சுமார் 98 சென்ட்.

மேற்கு குர்னா-2 வயலுக்கு 1.15 டாலர் கூலிக்கே ஆள் கிடைத்தது. அரசின் பேரம் கறாரானதுதான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கூலி நிலையானது, செலவைத் திருப்பித் தருவதும் கட்டாயம். எண்ணெய் விலை 100 டாலரிலிருந்து 40-க்கு விழுந்தால், அந்த இழப்பு முழுவதும் அரசின் தலையில் விழும். 2014-க்குப் பிறகு அப்படியே நடந்தது. நிறுவனங்களுக்கான பாக்கி ஏறியது, செலவைக் குறைக்கும்படி அரசே அவற்றைக் கேட்டுக்கொண்டது.

எண்ணெயை விற்பது பாக்தாத்தில் உள்ள அரசு விற்பனை நிறுவனம். வாங்குபவர் டாலரைச் செலுத்துவது நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் உள்ள ஈராக்கின் கணக்கில். அங்கிருந்து ஈராக் மத்திய வங்கி வழியாக தினாராக மாறி நிதி அமைச்சகத்துக்கு வருகிறது. அரசு வருவாயில் ஏறத்தாழ 90% இதுதான். அதில் முதல் பிடி சம்பளமும் ஓய்வூதியமும்; அரசுச் சம்பளம் வாங்குவோர் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல். அதன் பிறகு மிஞ்சுவதில்தான் மாகாணங்களுக்குப் பங்கு.

இந்த ஓட்டத்தில் பாஸ்ரா என்ற பெயர் எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். கூடு கட்டியிருந்த மரத்துக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பெட்ரோ-டாலர்: வாக்குறுதியின் கணக்கு

2005 அரசமைப்பின் 111-வது பிரிவு, எண்ணெயும் எரிவாயுவும் எல்லா மாகாணங்களிலும் உள்ள ஈராக் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்கிறது. 112-வது பிரிவு, இப்போதுள்ள வயல்களை மத்திய அரசு உற்பத்தி மாகாணங்களுடன் சேர்ந்து நிர்வகிக்க வேண்டும், வருவாயை மக்கள்தொகை விகிதப்படி பகிர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த வேண்டிய எண்ணெய்ச் சட்டத்தின் வரைவு 2007-ல் தயாரானது. அது இன்னும் சட்டமாகவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததே பெட்ரோ-டாலர். வயல் இருக்கும் மாகாணத்துக்குப் பீப்பாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தனித் தொகை. 2010 வரவு செலவுச் சட்டம் 1 டாலர் என்றது. மாகாணங்களுக்கான 2008-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டம் 2013-ல் திருத்தப்பட்டபோது அது 5 டாலரானது.

கணக்குக்காக நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம்.

- 1 டாலர் வீதம்: ஆண்டுக்குச் சுமார் 110 கோடி டாலர்.
- 5 டாலர் வீதம்: சுமார் 548 கோடி டாலர்.

இரண்டாவது எண், ஒரு மாகாணத்தின் முகத்தையே மாற்றக்கூடியது. ஆனால் 2014-ல் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) ஆயுதக் குழுவுடன் போர் வந்தது, எண்ணெய் விலை சரிந்தது. 5 டாலர் காகிதத்திலேயே நின்றது. பின்னர் வந்த வரவு செலவுச் சட்டங்கள் அதை வருவாயில் 5% என்று மாற்றி எழுதின. பீப்பாய் 70 டாலருக்கு விற்றால் அது 3.50 டாலர். வீதம் சதவீதமாக மாறியதும் விலைச் சரிவின் சுமை மாகாணத்துக்கும் வந்துவிட்டது.

தொகையை மட்டும் பேசினால் விஷயம் பிடிபடாது. பணம் வரும் விதத்தில் மூன்று கோளாறுகள் உள்ளன.

1. காலம். ஈராக்கில் 2014, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் வரவு செலவுச் சட்டமே நிறைவேறவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் முந்தைய ஆண்டு நடப்புச் செலவின் 12-ல் ஒரு பங்கை மாதாமாதம் செலவிடலாம். சம்பளம் போகும். புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது. பாதிக் கட்டடமாக நிற்கும் பள்ளிகளும் பம்ப் நிலையங்களும் பெரும்பாலும் இப்படி நின்றவையே.

2. செலவின் வகை. பெட்ரோ-டாலர் பணம் பெரும்பாலும் கட்டுமானத் திட்டங்களுக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். அதை 20 ஆண்டு ஓட்டும் ஊழியர், குளோரின், மாற்று வடிப்பான், டீசல் வேறு தலைப்பில், வேறு அலுவலகத்தில் இருக்கிறது. திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு, பராமரிப்புக்கு இல்லை.

3. அதிகாரம். 2013 திருத்தம் கல்வி, சுகாதாரம் உட்பட எட்டு அமைச்சகங்களின் பணிகளை மாகாணங்களுக்கு மாற்றச் சொன்னது. 2018-ல் வந்த அடுத்த திருத்தம் கல்வியையும் சுகாதாரத்தையும் மத்திய அமைச்சகங்களிடமே திருப்பிக் கொடுத்தது. ஆக, மாகாண ஆளுநர் பள்ளி கட்டலாம், ஆசிரியரை நியமிக்க முடியாது.

பாஸ்ராவை, வடக்கே தன்னாட்சியுள்ள குர்திஸ்தான் போலத் தனிப் பிராந்தியமாக்க வேண்டும் என்ற இயக்கம் இந்த எரிச்சலில் பிறந்தது. அரசமைப்பில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வாக்கெடுப்பு நடத்தத் தேவையான 10% வாக்காளர் கையெழுத்து 2009 தொடக்கத்தில் கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கை பின்னர் கோடைதோறும் தலைதூக்கி, மழைக்காலத்தில் அடங்குகிறது.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

பாஸ்ராவின் மற்ற எல்லாச் சிக்கலுக்கும் அடியில் இருப்பது இது. பொறுமையாகவே பார்க்க வேண்டும்.

ஷத் அல்-அரப் கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு. ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் ஏறும்போது ஆற்று நீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கரையோர வாய்க்கால்களில் தானாகவே ஏறும். இறவையே இல்லாமல் பேரீச்சைத் தோப்புகள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தது இப்படித்தான். மேலிருந்து வரும் நன்னீர் வலுவாக இருக்கும்வரை ஓதம் தள்ளுவது நன்னீரை. நன்னீர் குறைந்தால் அதே ஓதம் கடல் நீரைக் கொண்டுவந்து அதே வாய்க்காலில் ஏற்றும். 1970களில் இந்தப் பகுதியில் 1.7 கோடியிலிருந்து 1.8 கோடி வரை பேரீச்சை மரங்கள் இருந்தன. 2002-க்குள் போர், உப்பு, பூச்சி மூன்றும் சேர்ந்து 1.4 கோடிக்கு மேல் அழித்துவிட்டன.

நன்னீர் ஏன் குறைந்தது? துருக்கியின் அணைகள் ஒரு காரணம். ஈரான் தன் கர்க்கே, காரூன் ஆறுகளை அணைகட்டித் திருப்பியது இன்னொன்று. காரூன் பாஸ்ராவுக்குக் கீழே ஷத் அல்-அரபில் கலக்கும் ஆறு. கடல் உப்பைத் தடுத்து நிறுத்திய கடைசிக் காவல் அதுவே. ஈராக்கின் மேல் மாகாணங்கள் தம் பங்குக்கு மேல் எடுப்பது மூன்றாவது. பாஸ்ரா ஆற்றின் கடைமடை. கடைமடைக்காரரின் நிலைமையைத் தஞ்சை டெல்டா வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

உப்பை அளப்பது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்த திடப்பொருள் என்று. 1,000-ஐத் தாண்டினால் குடிக்க முடியாத சுவை. கடல் நீர் 35,000. 2018 ஆகஸ்டில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அளவு 10,000-ஐத் தாண்டியது.

இந்த ஆற்றை நம்பக் கூடாது என்று 1990களிலேயே முடிவு செய்து, வடக்கே தீ கார் மாகாணத்தின் கர்ராஃப் ஆற்றிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது திறந்த கால்வாய். வழியில் வெயில் குடிக்கிறது, கரை சரிகிறது, வயலுக்கும் மீன் குளத்துக்கும் திருட்டுத்தனமாக மடை திறக்கிறார்கள். கால்வாய் நீர் குறையும் நாளில் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆற்று நீரைக் கலக்கின்றன. அன்று குழாயில் உப்பு வருகிறது.

2018-ல் உப்பு மட்டும் இருந்திருந்தால் மக்கள் நோயில் விழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் குறைந்தது 1,18,000 பேர் வயிற்றுக் கோளாறு, தோல் அரிப்புடன் மருத்துவமனைகளுக்குப் போனார்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2019 அறிக்கையில் பதிவு செய்தது. உப்பு நீர் எப்படி நோய் நீரானது?

1. ஆற்றில் நீர் குறைந்தால் அதில் விழும் சாக்கடையின் பங்கு கூடும். நகரத்தின் பழைய கால்வாய்கள் இன்று கழிவுநீர் ஓடைகள்.
2. கலங்கல் கூடினால் குளோரின் வேலை செய்யாது. கிருமி மண் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும், குளோரினும் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். இருக்கும் குளோரினும் போதுமான அளவு போடப்படவில்லை.
3. மின்சாரம் நின்றால் குழாயில் அழுத்தம் விழும். வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள். உறிஞ்சும்போது குழாயின் வெடிப்புகள் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுபடும். நிலையத்தில் சுத்தமாகக் கிளம்பிய நீர் வீட்டுக்கு வருமுன் கெடுவது இந்த இடத்தில்.
4. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாவதால் உப்பின் அடர்த்தி இன்னும் ஏறும். வீட்டு வைத்தியம் பாதிக்குத்தான் உதவும்.

வசதியுள்ளவர்கள் ஆர்.ஓ. நீரை லாரியில் வாங்குகிறார்கள். இல்லாதவர்கள் வருமானத்தில் பெரிய பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள், அல்லது குழாய் நீரைக் குடிக்கிறார்கள். இவர்களில் பலர் வறட்சியால் நிலத்தையும் எருமையையும் விட்டு மைசான், தீ கார் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். அரசு நிலத்தில் பட்டா இல்லாமல் வீடு கட்டியிருப்பதால் குடிநீர் இணைப்புக்கு உரிமை இல்லை. இப்படிப்பட்ட குடியிருப்புகளை ஈராக்கியர் ‘ஹவாசிம்’ என்கிறார்கள். 2003 போருக்குச் சதாம் வைத்த பெயரிலிருந்து வந்த கேலிச் சொல் அது. அப்போது கொள்ளையடித்த பொருளுக்கும் வளைத்த இடத்துக்கும் அதே பெயராகிவிட்டது.

எண்ணெய்க்கும் தண்ணீர் வேண்டும். எண்ணெய் எடுக்க எடுக்கப் பாறைக்குள் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட நீரை உள்ளே செலுத்துவார்கள். தெற்கு வயல்களில் மிஷ்ரிஃப் என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு இது கட்டாயம். இதற்கான ஆற்று நீர் கர்மத் அலி நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு வயல்களுக்குப் போகிறது. மொத்த ஆற்றோட்டத்தில் இது சிறிய பங்கு. ஆனால் குழாயில் உப்பு வரும் ஊரில், நல்ல நீர் பூமிக்குள் செலுத்தப்படுவதைப் பார்ப்பவரிடம் சதவீதம் பேசிப் பயனில்லை. கடல் நீரைச் சுத்திகரித்து வயல்களுக்கு அனுப்பும் திட்டம் 2010 வாக்கிலேயே பேசப்பட்டது. தலைமை தாங்கிய நிறுவனம் விலகியது, பேச்சு இழுத்தது. கடைசியில் 2023 ஜூலையில் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல்எனர்ஜிஸுடன் கையெழுத்தான பெரும் ஒப்பந்தத்தில், நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் கடல் நீர் என்ற அளவில் அது சேர்ந்தது.

எரியும் வாயு, இருண்ட வீடு

எண்ணெயோடு சேர்ந்து வாயுவும் மேலே வரும். பிரிப்பு நிலையத்தில் அதைப் பிரித்து, அழுத்தி, குழாயில் அனுப்பினால் மின்சாரமும் சமையல் வாயுவும் கிடைக்கும். அதற்கான அமுக்கிகளும் குழாய்களும் இல்லையென்றால் கொளுத்திவிட வேண்டும். ஈராக் ஆண்டுக்கு 1,700 கோடி கன மீட்டருக்கு மேல் இப்படிக் கொளுத்துகிறது. உலகில் முதல் மூன்று இடங்களுக்குள் இருக்கிறது. அதே நேரம் மின் நிலையங்களுக்கு ஈரானிடமிருந்து வாயு வாங்குகிறது.

இது முட்டாள்தனம் அல்ல, கூலியின் விளைவு. 2009 ஒப்பந்தங்கள் பணம் கொடுத்தது பீப்பாய்க்கு. வாயுவைப் பிடிப்பவருக்கு அதே அளவு ஆதாயம் எழுதப்படவில்லை. எண்ணெய் உற்பத்தி வேகமாக ஏறியது, வாயுக் குழாய்கள் பின்தங்கின. 2013-ல் செயல்படத் தொடங்கிய பாஸ்ரா எரிவாயு நிறுவனம் (அரசுக்கு 51%, ஷெல்லுக்கு 44%, மிட்சுபிஷிக்கு 5%) மூன்று வயல்களின் வாயுவைப் பிடிக்கிறது. மற்ற வயல்களின் சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. குடியிருப்பிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எரிக்கக் கூடாது என்பது விதி. நஹ்ர் பின் உமர் கிராமத்தில் சுடர் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது. எரியும் புகையில் பென்சீன் உண்டு. அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை.

வேலை ஏன் கிடைப்பதில்லை

எண்ணெய் நாட்டின் வருவாயைத் தருகிறது. வேலைகளில் சுமார் 1% மட்டுமே தருகிறது. கிணறு தோண்டும்போதும் குழாய் போடும்போதும் ஆள் வேண்டும். உற்பத்தி தொடங்கியதும் ஒரு கட்டுப்பாட்டு அறையும் சில ஷிப்ட் ஆட்களும் போதும்.

வெளிநாட்டவர் வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது பாதி உண்மை. ருமைலாவில் வேலை செய்வோரில் மிகப் பெரும்பான்மை ஈராக்கியர்களே. சிக்கல், சாலை மறிக்கும் கிராமத்து இளைஞருக்கும் அந்த வேலைக்கும் இடையே உள்ள தூரம். குழாய் வெல்டர் வேலைக்கு 6ஜி நிலைத் தேர்வு வேண்டும்: 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும், அதை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள், உள்ளே காற்றுக்குமிழி கூட்டம் தெரிந்தால் தோல்வி. எண்ணெயோடு வரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு குறித்த பாதுகாப்புச் சான்று வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தரும் அனுமதிச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். இவை இல்லாதவருக்கு மிஞ்சுவது காவலாளி, ஓட்டுநர், சுமை வேலைகள். அவையும் துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று இறங்கி, நிலம் யாருடையது, எந்தக் குலம், எந்தக் கட்சி என்ற பேரத்தில் பிரிகின்றன. வாசலை மறித்தால் சில வேலை கிடைக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டவர்கள் மறுபடியும் மறிக்கிறார்கள். 2018 ஜூலைப் போராட்டமும் இப்படி வடக்குப் பாஸ்ராவின் வயல் சாலையில் வேலை கேட்டுத்தான் தொடங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்த பிறகு அது நகரத்துக்கும், பின் தெற்கு முழுமைக்கும் பரவியது.

பள்ளிக்கூடம்

வெல்டர் தேர்வின் வேர் ஆரம்பப் பள்ளியில் இருக்கிறது. ஈராக்கில் பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் குறைவு. அதனால் ஒரே கட்டடத்தில் காலை ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி, சில இடங்களில் மூன்றாவது. காலை 7.30 முதல் மாலை 5 வரையிலான ஒன்பதரை மணி நேரத்தை மூன்றாகப் பிரித்து, இடையில் பிள்ளைகள் மாறும் நேரத்தைக் கழித்தால், ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவே. அதில் முதலில் வெட்டுப்படுவது ஆய்வுக்கூடம், விளையாட்டு, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் வெயிலில் மதியப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப எல்லாப் பெற்றோரும் விரும்புவதில்லை. மூன்றாம் முறைப் பள்ளியில் மின்விசிறி சுற்றுவதும் மின்வெட்டைப் பொறுத்தது.

மேல்நிலையில் கதை வேறு. பாஸ்ரா பல்கலைக்கழகம் 1964-லிருந்து இயங்குகிறது. எண்ணெய், எரிவாயுவுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் 2014-ல் தொடங்கப்பட்டது. வயல் ஒப்பந்தங்களிலும் பயிற்சி நிதி எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் பொறியாளர்கள் வெளியே வருகிறார்கள், அரசு எண்ணெய் நிறுவனத்தின் வாசலில் வேலை கேட்டு உட்காருகிறார்கள். பொறியாளர் உபரி, வெல்டர் பற்றாக்குறை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தொழிற்பள்ளிப் படி உடைந்து கிடக்கிறது. பட்டம் வாங்கினால் அரசு வேலை என்பது ஈராக்கில் பழைய எதிர்பார்ப்பு. தொழிற்பள்ளிக்குப் போவதைக் குடும்பங்கள் தோல்வியாகவே பார்க்கின்றன.

2021 டிசம்பரில் நாடு முழுவதும் 1,000 பள்ளிகள் கட்ட இரண்டு சீன நிறுவனங்களுடன் ஒப்பந்தம் ஆனது: பவர்சைனாவுக்கு 679, சைனோடெக்கிற்கு 321. செலவு எண்ணெய் ஏற்றுமதிப் பணத்திலிருந்து ஈடாகிறது. பீப்பாய் நேராக வகுப்பறையாக மாறும் அரிதான ஏற்பாடு இது. ஆண்டு வரவு செலவுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வேகமும் உண்டு. ஆனால் புதுக் கட்டடம் மூன்று முறையை இரண்டாகக் குறைக்க வேண்டுமானால் கூடுதல் ஆசிரியர், கூடுதல் காவலாளி, ஓடும் தண்ணீர் வேண்டும். ஆசிரியர் நியமனம் பாக்தாத் கல்வி அமைச்சகத்தில். தண்ணீர், மறுபடியும், அந்த 240 கிலோமீட்டர் கால்வாயில்.